அண்ணன் கிணற்றுத் தண்ணீர்

சாயப்பட்டறைக்கு எதிராக ஊரைத் திரட்டியவர் அண்ணன். ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கூட்டாளிகள் கிண்டலாகத் 'தலைவரே' என்று கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது.

தங்கை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். விசாரணைக்கு அதிகாரிகள் வரப்போகிறார்கள், ஆற்றுத் தண்ணீரைச் சோதித்துக் கொடு என்று அண்ணன் அவளிடம் கேட்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீரும் வேண்டும் என்றாள் அவள். மேட்டுக்காட்டில், தன் கோழிப்பண்ணையை ஒட்டியிருந்த கிணற்றைக் காட்டினார் அண்ணன்.

"இத எடுத்துக்கோ. கண்ணாடி மாதிரி இருக்கும். நம்ம வீட்டுக்கே இதுதான்."

ஆற்றுத் தண்ணீரில் சாயமும் உப்பும் எதிர்பார்த்தபடியே இருந்தன. கிணற்றுத் தண்ணீர்தான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது. நைட்ரேட் அளவுக்கு மீறி இருந்தது. புட்டி மாறிவிட்டதோ என்று மறுபடி சோதித்தாள். மாறவில்லை. வருஷக்கணக்காக அண்ணன் வயலில் அள்ளி வீசிய யூரியாவும், கிணற்றோரம் குவிந்து கிடந்த கோழி எருவும் ஒவ்வொரு மழைக்கும் கீழே இறங்கியிருக்கின்றன.

அந்தக் கூடத்துக்கு மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் தண்ணீர் வரும். பெரும்பாலும் ஆலைகளுக்குக் கீழே எடுத்தது. வயல் கிணற்றுத் தண்ணீரை யாரும் அனுப்ப மாட்டார்கள். தெளிவாக இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? அவளே இத்தனை நாள் சந்தேகப்படவில்லையே.

அப்போதுதான் அண்ணன் பேத்தியின் நினைப்பு வந்தது. இந்தத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை; அந்த வயதில் நைட்ரேட் ரத்தத்தில் மூச்சுக்காற்று ஏறவிடாமல் செய்துவிடும். கொஞ்ச நாளாகச் சோர்ந்து சோர்ந்து தூங்குகிறது என்று சொல்லியிருந்தார்கள். கிடைத்த பேருந்தில் ஏறினாள்.

அடுப்படியில் அண்ணன் மருமகள் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்மா கொதிக்க விடுற?"

"பாதியா சுண்டுற வரைக்கும் அத்தை. பட்டறை விஷம் கொஞ்சமும் இருக்கக்கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு."

தங்கை அடுப்பை அணைத்தாள். காய்ச்சினால் கிருமி சாகும், இது சாகாது, சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும் என்று சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டார். கேட்டதும் அவர் முகம் கறுத்தது.

"பட்டறைக்காரன் சொல்லிக்குடுத்து அனுப்பினானா?"

அவளுக்குச் சுருக்கென்றது. குழந்தையைத் தூக்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள்.

"என்னை அப்புறம் திட்டுங்கண்ணா. உதட்டைப் பாருங்க."

அண்ணன் பார்த்தார். உதடு ஊதா பூத்திருந்தது. வண்டியை எடுத்தார்.

மருத்துவமனையில் எடுத்த ரத்தம் பழுப்பாக இருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார் டாக்டர். மருந்து ஏற ஏறக் குழந்தையின் நிறம் திரும்பியது. அது வீறிட்டு அழுதபோது, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற அண்ணனும் அழுதார்.

விசாரணை வரை கிணற்றுப் பேச்சே வேண்டாம், பட்டறைக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு நழுவிவிடுவான் என்று அண்ணன் மகன் கெஞ்சினான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

விசாரணைக் கூட்டத்தில், அதிகாரிகள் முன்னால் ஆற்றைப் பற்றி எப்போதும் போல ஆவேசமாகப் பேசினார். பிறகு குரல் இறங்கியது.

"ஆத்தக் கெடுத்தது அவங்க. அவங்கள விட்றாதீங்க. ஆனா என் கிணத்தக் கெடுத்தது நான். அதையும் எழுதிக்கோங்க."

பட்டறை மேலாளர் சாய்ந்து உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். நம்ம கிணத்தை எதுக்கு இழுக்கிறார், இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று ஒருவர் காதுபடவே சொன்னார். வெளியே வரும்போது 'தலைவரே' என்று யாரும் கூப்பிடவில்லை.

வாசலில், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற பக்கத்து வயல்காரர் மனைவி மட்டும் தங்கையின் கையைத் தொட்டாள்.

"எங்க கிணத்தையும் பாக்கணும். வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்."

தங்கை தலையாட்டினாள். அண்ணன் அந்தப் பெண் பக்கம் திரும்பி, "பாப்பாவுக்கு அதுல பால் கரைக்காதம்மா இனிமே" என்றார்.