மனை பார்க்கப் போன ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் என்றால் மதுரையில் செய்தி பாதி, மனை விளம்பரம் பாதி. அன்று காலை வில்லாபுரத்தில் ஜூடு பேப்பரை விரித்ததும் உள்ளேயிருந்து வழவழப்பான நோட்டீஸ் ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. காலால் ஓரமாகத் தள்ளப் போனவன் என்ன நினைத்தானோ, குனிந்து எடுத்தான். நோட்டீஸில் அவனுடைய அக்கா பிலோமினாள் இருந்தாள்.

சும்மா இருக்கவில்லை, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுக்குக் குடை பிடித்தபடி நரைத்த மீசைக்காரர் ஒருவர். பின்னால் பொட்டல் வெளி, கலர் கலராகக் கொடிகள். அடியில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "எங்கள் ஓய்வுக்காலக் கனவு இல்லம் இங்கேதான்! – திரு. ஞானமுத்து, திருமதி. பிலோமினாள்."

பிலோமினாளுக்கு அறுபதை ஒட்டிய வயது. கல்யாணமே ஆகாதவள்.

"அக்கா!" என்று ஜூடு போட்ட சத்தத்தில் சர்ச் பூசைக்குப் போகச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். நீட்டிய நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். மனை பார்க்கக் கூட்டிப் போகும் அந்தச் சோணைப் பயல் போட்டோ எடுத்தபோதே தடுத்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. தம்பியிடம் என்ன சொல்வது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நடந்தது இதுதான். பிலோமினாள் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் ஜூடுவைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவள்தான். அவனுக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், அவள் அரிசி மூட்டை வைத்திருக்கும் பின்னறைக்கு நகர்ந்தாள். யாரும் நகரச் சொல்லவில்லை. ஜூடுவின் மனைவி டயானாவும் நல்ல பெண்தான். ஆனால் ஞாயிறானால் டயானாவின் சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்துவிடும். அந்தக் கூட்டத்தில் அக்கா எங்கே என்று தேட ஆள் கிடையாது.

அவளுக்கு ஒரு பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. பேப்பரில் மனை விளம்பரத்தை விடாமல் படிப்பாள். "பஸ் நிறுத்தம் அருகில், சுவையான குடிநீர், உடனே வீடு கட்டிக் குடியேறலாம்." உடனே அவளும் மனசுக்குள் குடியேறிவிடுவாள். இங்கே அடுப்படி, அங்கே தையல் மிஷின், ஜன்னலோரம் ஒரு கருவேப்பிலைக் கன்று. நாலு வருஷம் கழித்து அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அதே பொட்டலில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிறு முதல் பூசை முடிந்து நேராகக் காளவாசலுக்குப் போனாள். மனை வாங்குகிறவர்களைக் கூட்டிப் போக அங்கிருந்துதான் கம்பெனி வேன்கள் கிளம்பும். வேனும் இலவசம், மத்தியானச் சாப்பாடும் இலவசம். வாங்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஒரு நாள் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்றுதான் போனாள்.

வேனுக்கு ஆள் ஏற்றும் சோணை மறித்தான். "தனியா வாரவுகளை ஏத்துறதில்லம்மா. ஜோடியா வந்தாத்தான் சீட்டு."

அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தனியாக வருகிறவர்கள் பிரியாணியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிடுவார்கள். ஜோடியாக வந்தால் அந்தச் சாக்குச் செல்லாது. கம்பெனிக்காரன் மூளை அப்படி வேலை செய்யும்.

திரும்பப் போகலாம் என்று நினைத்தபோது, அதே காரணத்துக்காக ஏறமுடியாமல் குடையோடு நின்ற ஒருவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேந்துதான் வந்தீகளா?" என்றான் சோணை. அவர் தலையாட்டினார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. செய்த தப்பு இம்புட்டுதான்.

அவர்தான் ஞானமுத்து. மனைவியை இழந்தவர். மகன் மெர்வினுக்குப் புனேயில் வேலை. ஒரு நகரத் திட்ட அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். அவர் காலமெல்லாம் டைப் அடித்த திட்டங்களில் ஒன்றுகூட மண்ணில் எழும்பவில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் கிடையாது, கிண்டல்தான். வேன் போகும்போது ஜன்னல் வழியே கையைக் காட்டுவார்.

"டீச்சர், இடது பக்கம் பாத்துக்கிடுங்க. மீன் காட்சியகம். கண்ணாடிச் சுரங்கப் பாதையில நாம நடப்போம், தலைக்கு மேல சுறா போகும்."

அங்கே ஒரு பஞ்சர் கடை இருக்கும்.

"திருப்பரங்குன்றம் தாண்டினா துணை நகரம். மொத்தம் மூணு பூங்கா. மூணாவது பூங்காவுல பெஞ்சு எத்தனைன்னு கூட நான் டைப் அடிச்சிருக்கேன்."

அங்கே கருவேல முள். ஆனால் அவர் சொல்லச் சொல்ல அவளுக்குப் பூங்கா தெரியும், பெஞ்சு தெரியும். நடக்காத மதுரை ஒன்று, நடந்த மதுரையைவிடக் காற்றோட்டமாக, ஜன்னலுக்கு வெளியே கூடவே வரும். அவள் மனசுக்குள் குடியேறிய வீடுகளும் அந்த ஊரில்தானே இருந்தன. அந்த ஊரைத் தெரிந்த இன்னொரு மனுஷரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அப்படியே ஞாயிறுதோறும் வழக்கமாயிற்று. ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு கம்பெனி. எந்தக் கம்பெனியானாலும் கமிஷனுக்கு ஆள் ஏற்றுகிறவன் சோணைதான். மனையில் போய் நின்றதும் ஞானமுத்து, "என்னம்மா, பிடிச்சிருக்கா?" என்பார். "தண்ணி சப்புன்னு இருக்குங்க" என்பாள் அவள். இன்னொரு வாரம் வாசல் தெற்கே பார்த்திருக்கும். இன்னொரு வாரம் சுடுகாடு பக்கம். முதல் தடவை "என்னங்க" என்று கூப்பிட்ட அன்று முகமெல்லாம் சூடாகி, வீடு வரும்வரை ஆறவே இல்லை. வேனை விட்டு இறங்கிய பின் மறுபடி சாரும் டீச்சரும்தான். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை, போன் நம்பர்கூட வாங்கிக்கொண்டதில்லை. ஞாயிறு மட்டும் போதும் என்று இருவரும் இருந்தார்கள். இருந்தார்கள் என்பதைவிட, அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை என்று சொல்வதுதான் சரி.

தம்பியிடம் இவ்வளவையும் அவள் சொல்லவில்லை. "வேன்ல சீட்டுக்காகச் சொன்னதுடா" என்று மட்டும் சொன்னாள். அதில் ஜூடுவுக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது.

"சீட்டுக்காகவா? கோயில்ல ஓலை வாசிக்காத கல்யாணத்தை ஊரெல்லாம் நோட்டீஸ் போட்டு வாசிச்சுப்புட்டாய்ங்களே! ரெண்டாம் பூசைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

கத்தோலிக்கர்கள் வீட்டில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் பெயர்களை வாசித்து, யாருக்காவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். அதுதான் ஓலை. அது இல்லாமல் ஒரு பெயருக்கு முன்னால் திருமதி ஏறாது. "கிளம்பு. இப்பவே அந்தக் கம்பெனியில போய் நாலு கேள்வி கேட்டாத்தான் ஆச்சு" என்று ஜூடு பைக்கை எடுத்தான். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். வழி நெடுக அவன் ஹாரனை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

காளவாசல் ஆபீசில் அவர்களுக்கு முன்பே ஞானமுத்து வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் அதே நோட்டீஸ். மேனேஜர் விக்ரமும் சோணையும் எதிரே விழித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல ஜோடி, நல்ல சிரிப்பு, அதான் சார் போட்டேன்" என்று சோணை தலையைச் சொறிந்தான். அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை.

ஜூடு வாயைத் திறப்பதற்குள் ஞானமுத்து முந்திக்கொண்டார். "தம்பி, டீச்சர் மேல ஒரு தப்பும் இல்ல. தலையாட்டுனவன் நான்தான். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க."

விக்ரம் விஷயம் முடிந்துவிட்ட மாதிரி பேனாவை மூடினான். "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். அடுத்த ஞாயிறு சின்னதா ஒரு மறுப்பு போட்டுர்றோம். படத்துல இருக்கிறவங்க கணவன் மனைவி இல்லைன்னு. அம்மா சரின்னா போதும்."

"போடுங்க" என்றார் ஞானமுத்து. "நான்தான் பொய் சொன்னேன்னு எம்பேரோட போடுங்க. டீச்சர் பேரு கெடக்கூடாது." சொல்லும்போது அவர் பிலோமினாள் பக்கம் பார்க்கவே இல்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுப்பு அச்சானால் எந்த வேனும் இனி அவர்களை ஏற்றாது. இந்த மனுஷர் வில்லாபுரம் வந்து கதவைத் தட்டுகிற ஆளும் இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் நிற்கும். ஆனால் ஞாயிறு போய்விடும். அடுத்த ஞாயிறு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். தாங்க முடியவில்லை.

ஜூடு மறுபடி நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் இறங்கிக் கேட்டான்: "இந்தப் போட்டோ எடுக்கையில என்ன சொன்னீங்க சார்? எங்கக்கா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"மோனோ ரயில் வருது, தள்ளி நில்லுங்கன்னேன் தம்பி."

"எந்த மோனோ ரயில்?"

"வராதது."

ஜூடு அக்காவிடம் திரும்பினான். கோபம் போய், சின்னப் பிள்ளையின் முகம் வந்திருந்தது. "ஏங்க்கா, என் வீட்ல உனக்கு என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்லடா" என்றாள். "உன் வீடு நல்ல வீடுதான். ஆனா அது உன் வீடு. நான் என் வீட்டைத் தேடிப் போனேன்."

பிறகு விக்ரமைப் பார்த்துச் சொன்னாள்: "மறுப்பு போட வேண்டாம் தம்பி. இவரு ஆயுசு பூரா நடக்காததையே டைப் அடிச்சாரு. நான் ஆயுசு பூரா நடக்காததையே பேப்பர்ல படிச்சேன். விளம்பரத்துல போட்டதுல இது ஒண்ணாவது நடக்கட்டும்."

ஞானமுத்து பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எழுத்தர் புத்தியைக் காட்டினார்: "டீச்சர், ஓலையை எங்கே வாசிக்கிறது? உங்க பங்குக் கோயில்லயா, எங்க பங்குக் கோயில்லயா?"

"ரெண்டு பங்குலயும் வாசிக்கணும் சார், அதான் முறை" என்றாள் பிலோமினாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. சோணைதான் முதலில் சிரித்தான்.

ஜூடு யாரையும் பார்க்காமல் பைக் சாவியைத் தேடினான். சாவி கையிலேயே இருந்தது.

"நான் முன்னாடி போறேன். இன்னொரு ஆளுக்கும் சேத்து உலை வைக்கச் சொல்லணும் டயானாகிட்ட" என்று முணுமுணுத்தபடி வாசல்வரை போனவன் நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "வெயில் ஏறுதுக்கா. அத்தானை ஆட்டோவுல கூட்டிக்கிட்டு வந்துரு."