டிலானின் நீச்சல் உடுப்பில் ஐறீன் குத்திய சட்டைப்பின்

வணக்கம் பிள்ளைகளே, எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? இந்த வெக்கையில் கொழும்பில் இருமல் இல்லாத வீடு இல்லை. உங்கள் பக்கம் எப்படி? இருந்து ஆறுதலாகக் கேளுங்கள், கொட்டாஞ்சேனை ஐறீனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்கு வந்த பதற்றம் எதிரிக்கும் வரக் கூடாது.

ஐறீனின் ஒரே மகன் டிலான். கட்டார் போவதற்கு ஏஜென்சிக்காரன் அவனுடைய பாஸ்போட்டை வாங்கி வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய ஹோட்டலில் நீச்சல் தடாகக் காவலர் வேலைக்கு டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். அது கிடைத்தால் பிள்ளை வீட்டோடு இருப்பான். இல்லையென்றால் பிளேன்தான். ஐறீனுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

இறுக்கமான நீச்சல் உடுப்போடுதான் வரவேண்டும், பொக்கற் வைத்ததும் பருத்தித் துணியும் ஆகாது என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். டிலானோ வெள்ளவத்தையில் றெயில் பாதையைத் தாண்டி, பழைய ஃபுட்போல் ஷோர்ட்ஸோடு கடலில் குதித்து வளர்ந்தவன். அதனால் இருவரும் காலி வீதியில் ஒரு கடைக்குப் போனார்கள். மர்லியா என்ற விற்பனைப் பெண் மேசையில் உடுப்புகளைப் பரப்பினாள்.

"அன்ரி, கடலுக்குண்டா இந்த லூசானது. பீச்சில சும்மா திரிஞ்சு படம் புடிக்க இந்தக் கட்டை ஷோர்ட்ஸ். டெஸ்ட்டுக்கு இதுதான், முழங்கால் வரைக்கும் ஒட்டி ஈக்கணும்."

ஐறீன் அந்தக் கறுப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். "பிள்ளை, இது நேசறி போற பிள்ளைக்குத்தான் காணும்."

"இழுத்தா வரும் அன்ரி, பயப்பட வாணாம்."

"அப்ப பக்கத்தில கிடக்கிற இந்த முக்கோணம்?"

"அது ரேஸ் நீந்துறவங்களுக்கு."

"சேசுவே! இது ஜங்கியெல்லோ! இதோடயோ ஆம்பிளையள் சனத்துக்கு முன்னால நிக்கிறவை?"

"அம்மா, மெல்லமாக் கதையுங்கோ. கடையே திரும்பிப் பாக்குது" என்று டிலான் பல்லைக் கடித்தான்.

முழங்கால் வரை வருவதையே வாங்கினார்கள். பொதி செய்யும்போது மர்லியா, "நகம் பட்டாலும் ஓட்டை விழும், கவனம்" என்றாள். ஐறீனின் காதில் அது விழவேயில்லை. அந்த முக்கோணத்தின் அதிர்ச்சியிலிருந்து அவள் இன்னும் மீளவில்லை.

ஐறீன் வீட்டில் ஒரு வழக்கம். சோதனையோ, இன்டர்வியூவோ, ஒப்பரேஷனோ, உடுப்பின் உட்பக்கம் அந்தோனியார் பதக்கத்தைக் குத்தாமல் யாரும் படி இறங்க முடியாது. புருஷன் றேமண்டைக் களுபோவில ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் தியேட்டருக்கு எடுத்தபோது, கொடுத்த கவுனிலும் குத்தியவள் அவள். டெஸ்ட் நாள் காலையில் நீச்சல் உடுப்பின் பின்பக்கத் தையலோரம் ஒரு சட்டைப்பின்னைக் கொண்டு பதக்கத்தைக் குத்தி விட்டாள். போடும்போது டிலானுக்குக் கையில் தட்டுப்பட்டதுதான். அம்மா குத்தியதைக் கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

தடாகத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஐறீனையும் இருக்க விட்டார்கள். விசில் அடித்தது. டிலான் குனிந்து பாய்ந்தான்.

சர்ர்ர்ர்.

ஐறீன் வாயைப் பொத்தினாள். கறுப்புத் துணி இடுப்பிலிருந்து தொடை வரை பிளந்து, இரண்டு பக்கமும் மீன் செட்டைபோல அடித்தது. நடுவில் பளிச்சென்று தெரிந்ததை நான் சொல்லத் தேவையில்லை. அவன் நிற்கவில்லை. முதல் ஆளாக நீந்தி முடித்தான். ஆனால் மற்றவர்கள் ஏற, அவன் மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நின்றான்.

"மல்லி, கொடட்ட வரேங்!" தம்பி, கரைக்கு ஏறு என்று சிங்களத்தில் சொன்னார் டெஸ்ட் எடுத்த பெரியவர்.

"பே, சேர்" என்றான் டிலான், முடியாது என்று.

"அப்ப அடுத்தது செய்ய ஏலாதா? வீட்ட போ!"

அடுத்தது, மூழ்குகிற ஆளைப் போல நடிக்கிற ஷெல்டன் என்ற தடியனை இழுத்து வந்து கரையில் கிடத்துவது. டிலான் அம்மாவைப் பார்த்தான். ஐறீனுக்குக் கட்டார் பிளேன் கண் முன்னால் எழும்பியது.

"செய் மகன்! நானிருக்கிறன்!" என்று கத்திக்கொண்டு அவள் வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை விரித்தபடி ஓடினாள்.

டிலான் ஷெல்டனை இழுத்து வந்தான். அன்று மற்றவர்கள் எல்லாரும் ஷெல்டனை விளிம்பில் விட்டுவிட்டுத் தாங்கள் முதலில் ஏறினார்கள். டிலான் ஒரு கையால் அவனைப் பிடித்தபடியே ஏறினான். பின்னால் ஐறீனின் பூப்போட்ட குடை அவனோடு சேர்ந்து எழும்பியது, சேர்ந்து குனிந்தது. பெரியவர் ஓடி வந்தார்.

"அம்மே! இது என்ன வேலை?"

"பின் குத்தினது நான் சேர். கிழிஞ்சது என்னாலதான். பிள்ளையில பிழையில்ல."

பெரியவர் குடைக்குப் பின்னால் ஒருதரம் எட்டிப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவ்வளவு கிழிஞ்சும் ஆளை விடயில்ல தானே. திங்கக்கிழமை வா மல்லி. உடுப்பு ஹோட்டல் தரும்." பிறகு ஐறீனிடம் திரும்பினார். "அம்மா மட்டும் இந்தப் பக்கம் வர வேணாம்."

மகன் கொழும்பில்தான் என்று சிரிப்பதா, வாசலிலேயே தடை போட்டுவிட்டார்களே என்று அழுவதா? அந்த யோசனையிலேயே ஐறீன் விரித்த குடையை மடக்கத் தொடங்கினாள். "அம்மா, குடை! குடையை எடுக்காதேங்கோ!" என்று டிலான் அலறினான்.

உங்கள் வீட்டு ஆம்பிளைகளும் நீந்தப் போய் மானம் போன கதை ஏதும் இருக்குமே? வெட்கப்படாமல் கீழே எழுதுங்கள் பிள்ளைகளே. ஒவ்வொன்றாக வாசிப்பேன்.