சமுத்திர எரு

எங்கள் வீட்டுக்குள் வெங்காயம் வரக் கூடாது. பூண்டு என்று வாயால் சொன்னாலே என் அகத்துக்காரர் முகத்தைச் சுளிப்பார். அப்பேர்ப்பட்ட வீட்டில், சமையலறைக் கதவுக்கு நேர் எதிரே, கொல்லையில் ஒரு பீப்பாய் நிறைய மீன்குடல் ஊறிக்கொண்டிருந்தது.

வாசல் பலகையில் சுந்தரராமன், பி.ஏ., எல்.டி. என்று எழுதியிருக்கும். பையன்களுக்கு இங்கிலீஷ் கற்பிப்பவர். மற்ற நேரமெல்லாம் ரோஜா. யுத்தம் வந்து சீமை உரம் ஏற்றிய கப்பல்கள் நின்றுபோனதும், மீன் உரத்துக்கு நிகரில்லை என்று ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டார். தெருக்கோடி வண்டிக்காரர் காதர் பாய் நொச்சிக்குப்பத்திலிருந்து பானை பானையாகக் கொண்டுவந்து பின்வாசல் வழியாகக் கொட்டிவிட்டுப் போவார். அதற்கு மீன் என்று பெயர் கிடையாது. "சமுத்திர எரு" என்று இவரே நாமகரணம் செய்துவிட்டார்.

எனக்கு அப்போது மூன்றாம் மாதம். முந்தைய வருஷம் நாலாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோயிருந்தது. "உடம்புல ரத்தமே இல்லை அபயாம்பாள், இந்தத் தடவை சாப்பிடறது தங்கியே ஆகணும்" என்று டாக்டரம்மா கண்டித்து அனுப்பியிருந்தாள். எங்கே தங்குவது? மத்தியானம் கடல்காற்று திரும்பியதும் அந்த நாற்றம் நேரே சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கவளம் வாயில் வைப்பேன், முற்றத்துக்கு ஓடுவேன். ராத்திரி படுத்தால், வயிற்றில் இருப்பது பட்டினி கிடக்கிறதே என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

"ஏன்னா, அந்தப் பீப்பாயை எடுத்துடுங்கோளேன்" என்று எத்தனையோ முறை கெஞ்சினேன்.

"மாசியில புஷ்பக் கண்காட்சி முடியட்டும். கோப்பை போன வருஷம் கோபாலபுரத்து வக்கீலாத்துக்குப் போயிடுத்து. நீ ஒரு ஏலக்காயை வாயில அடக்கிக்கோ."

ஏலக்காய்! அந்த வார்த்தையைக் கேட்ட அன்று முதல் எனக்கு ஏலக்காயும் பிடிக்காமல் போயிற்று.

காலையில் இவர் ஒரு கழியால் பீப்பாயைக் கலக்குவார். மேலே வெள்ளைப் புழுக்கள் நெளியும். குனிந்து முகர்ந்து, "பதமா வந்திருக்கு" என்பார், பாயசத்தைப் பார்த்துச் சொல்வதைப் போல. பிறகு கிணற்றடியில் ஸ்நானம், விபூதி, பூஜை. ஒரு நாள் அம்பாள் படத்துக்கு ரோஜாவைச் சாத்த இவர் கையைத் தூக்கியபோது முழங்கையில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது. அதே கையால் பிரசாதம் என்று எனக்கும் ஒரு பூவை நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை. அருவருப்பாக இருந்தது, செதிலைக் கண்டல்ல, அந்த மனிதரைக் கண்டு.

மழை விட்டு மார்கழி பிறந்தது. ரோஜாவைக் கவாத்து செய்கிற காலம். அங்கேதான் இவருக்கு ஒரு சிக்கல். மனைவி கர்ப்பமாக இருந்தால் புருஷன் க்ஷவரம் செய்துகொள்ளக் கூடாது, செடி கொடியை வெட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் மாதம் ஏறிய பிறகுதான் இதையெல்லாம் பார்ப்பார்கள். இவர் விஷயம் தெரிந்த அன்றே தாடி விட ஆரம்பித்துவிட்டார். என் வயிறு காயலாம், ஆசாரம் மட்டும் காயக் கூடாது.

இவர் கத்திரியை வைத்துக்கொண்டு முழிப்பதைக் காதர் பாய் பார்த்தார். "இன்னா சாமி, நான் வெட்டிக் குடுக்கட்டா?"

"சேச்சே! சுவாமிக்குப் போற பூ. நீ செடியைத் தொடப்படாது."

காதர் பாய் பானையைக் கவிழ்த்துவிட்டு என் பக்கமாகத் திரும்பி முணுமுணுத்தார். "நான் தொட்டா தீட்டு. இந்த மீனு இன்னாம்மா, குளிச்சிட்டா வந்து கீது?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் இவர் சிரித்த முகமாக வந்தார். "சாஸ்திரிகளைக் கேட்டுட்டேன். பர்த்தாதான் வெட்டப்படாது. பொண்டாட்டி வெட்டப்படாதுன்னு எங்கயும் சொல்லலையாம்." கத்திரியை என் கையில் திணித்தார். சீமை ரோஜாவுக்குச் சொந்த வேர் இல்லை, நாட்டுச் செடியில் ஒட்டி வளர்ப்பது என்று பாடம் நடத்தினார். அடியிலிருந்து நாட்டுச் செடியின் காட்டுக்கொம்பு கிளம்பும், விட்டால் சீமையைத் தின்றுவிடும். மழையில் எல்லாத் தொட்டிகளிலும் கிளம்பியிருந்தது. "ஒரு காம்புல ஏழு இலை இருந்தா காடு, ஒட்ட வெட்டு. அஞ்சு இலை இருந்தா சீமை, நுனியை மட்டும் வெட்டு. ஏழு போகணும், அஞ்சு இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. முதல்ல பீப்பாயை எடுங்கோ."

"மூக்கைப் பொத்திண்டு வெட்டுடீ" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மறு கையால் வெட்டினேன். அஞ்சு இலை எல்லாவற்றையும் விரல் உயரத்துக்கு ஒட்ட நறுக்கினேன். ஏழு இலை ஒன்றைக்கூடத் தொடவில்லை. நடுவில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு மீதியையும் முடித்தேன்.

சாயங்காலம் இவர் கொல்லையில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஏழை வெட்டுன்னேன்! அஞ்சை விடுன்னேன்!" என்று இவர் குதித்தார்.

"எனக்குத் தலை சுத்தறது. சாப்பிட்டாத்தானே எண்ண வரும்?"

இவர் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தார். "கட்டை இருக்கு. காட்டுக்கொம்பை இப்பவே எடுத்துட்டா பொழைச்சுடும்!" கத்திரியைப் பிடுங்கினார். ஒரு கொம்பைப் பிடித்தார். கை அப்படியே நின்றது. மெல்லத் தாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீ வெட்டு" என்றார்.

"மாட்டேன்."

அந்தச் சமயத்தில் காதர் பாய் அடுத்த பானையோடு பின்வாசலில் வந்து நின்றார். இவர் அவரைப் பார்த்தார், கத்திரியைப் பார்த்தார். நீட்டுவார் என்றே நினைத்தேன். நீட்டியிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். இவர் கத்திரியைத் துளசி மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"பாய், இனிமே கண்காட்சி கிடையாது. பீப்பாயை வண்டியில ஏத்திண்டு போயிடுங்கோ" என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றினார். கொல்லை முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அன்று ராத்திரி ரசம் சாதம் தங்கியது. தட்டைத் தூக்கி நக்காத குறை.

இப்போது பங்குனி. வயிற்றில் இருப்பது நன்றாக உதைக்கிறது. கொல்லையில் ஏழு இலைக் கொம்புகள் மதிலைத் தாண்டி வளர்ந்துவிட்டன, சீமைக் கட்டைகள் கறுத்துவிட்டன. இவர் தினமும் காலையில் கழுத்தை மறைக்கும் தாடியோடு அவற்றின் முன்னால் நின்று பார்த்துவிட்டு வருகிறார். ஆனியில் குழந்தை பிறக்கட்டும், கத்திரியை நானே எடுத்துக் கொடுக்கிறேன். முதலில் தாடியை வெட்டிக்கொள்ளட்டும்.