முனீஸ்வரன் தலைமேல் போகாத கம்பி

வேலாயுதம் குடித்துவிட்டுத் தொட்டியில் விழுந்து செத்தான் என்று ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு முழுக்கப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தோல் ஊறும் தொட்டியில் இறங்கியவன் கால் மாட்டிக்கொண்டால் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்தலாம். எஞ்சின் கொட்டகையில் மணி அடிக்கும். எஞ்சினை நிறுத்தினால் தொட்டிக்குள் பாயும் தண்ணீர் நிற்கும். மணிதான் அடிக்கவில்லையே என்று முதலில் சொன்னவன் எஞ்சின்காரன் கங்காதரன்.

சொன்னானே தவிர, அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு மணியின் நாக்கு சத்தமே இல்லாமல் நடுங்கியதை அவன் பார்த்திருந்தான். ஷாப்பு முற்றத்துச் சாமி முனீஸ்வரன் வந்துவிட்டார் என்று பதறி, மணியில் எலுமிச்சம்பழம் கட்டிக் கற்பூரம் காட்டினான். இப்போது கண்ணை மூடினாலே அந்த நாக்கு நடுங்குகிறது.

வேலாயுதத்தின் மனைவி கமலவேணி தினமும் வந்து நின்றாள். "அண்ணே, அவரு மணி அடிச்சாரா இல்லியா? எம்புள்ளைய குடிகாரன் புள்ளன்றாங்க."

மணியைப் பார்க்க வயர்மேன் ஆபித் பாஷா வந்தார். கம்பியோடு நடந்து போய்த் திரும்பினார்.

"நேரா போன கம்பிய யாரு சுத்த வுட்டது?"

கங்காதரன்தான். முனீஸ்வரன் தலைக்கு மேல் கம்பி போனதால்தான் தோல் அழுகுகிறது என்று அடம்பிடித்து, தோல் பதனிடும் மரப்பட்டை வைக்கும் கிடங்கைச் சுற்றி இழுக்க வைத்தான். பழைய தடிக்கம்பி எட்டவில்லை. முழுக்க மெல்லிசுக் கம்பி போட்டார்கள். பொத்தானை அழுத்திப் பார்க்கவும் அவன் விடவில்லை. சாமிக்காகச் செய்ததைச் சோதிப்பது சாமியையே சந்தேகப்படுவதாம். நல்ல பக்தி!

"செம்பு மேல குத்தமில்ல, அதே சரக்குதான்," என்றார் பாஷா. "ஆனா நீளம் ஜாஸ்தியானா தடையும் ஜாஸ்தி. கம்பி மெல்லிசானா இன்னும் ஜாஸ்தி. மின்சாரம் கம்மியாத்தான் வந்து சேரும். நாக்கு ஆடும், மணி அடிக்காது."

கமலவேணி விடுவிடுவென்று தொட்டிக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினாள். கொட்டகையில், காய்ந்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், நாக்கு நடுங்கியது. அதே நடுக்கம். 

அவள் திரும்பி வந்தாள். "அடிச்சுதாண்ணே?"

"அடிக்கலம்மா. ஆனா அவன் கூப்ட்டான். ரொம்ப நேரம் கூப்ட்டான். நான் பாத்துக்கினே கும்ட்டுனு இருந்தேன்."

அவள் திரும்பித் தொட்டிப் பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் மணியின் நாக்கு மறுபடி நடுங்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை.