அந்தப் பதினேழு நாள்

சிவப்புப் பேனாவின் முனை கட்டத்துக்கு ஒரு நூல் உயரத்தில் நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது, விடைத்தாளின் முகப்பில் வலது மேல் மூலையில் தபால் தலை அகலத்துக்கு ஒரு கட்டம், அதற்குள் ஒன்று, நான்கு என்று இரண்டே இலக்கம் எழுதினால் வேலை முடிந்தது, ஏழு முறை கூட்டிவிட்டேன், ஏழு முறையும் பதினான்கு, ஆனாலும் விரல் நடுங்குகிறது, வேதியியலில் முதுகலை, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஒற்றை இலக்கங்களைக் கூட்டிவிட்டு வியர்த்து உட்கார்ந்திருக்கும் இந்த ஆளைப் பார்த்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது, எதிர் பெஞ்சில் ஞானதுரை, இந்தத் திருத்தும் முகாமில் எங்கள் குழுவின் தலைமைத் தேர்வாளர், ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் பேனா, முறுக்குத் தூள் யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாள்மேல் உதிர்கிறது, ஊதிவிட்டு அடுத்த தாளை எடுக்கிறார், அவர் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை, நான் போடும் ஒவ்வொரு கூட்டலையும் இன்றைக்கு அவர் மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு, ஒன்று தப்பினால் போதும், இவர் திருத்தும் பணிக்குத் தகுதியற்றவர் என்று ஒரு வரி எழுதி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அந்த வரி பணிப் பதிவேட்டில் ஏறும், நான் ஓய்வு பெறும் நாள்வரை கூடவே வரும்.

மூன்று வருஷம் முந்தி ஒரு ஜூன் மாதக் காலை, தலைமையாசிரியர் அறை, மின்விசிறி சுற்றுகிறது, அவர் ஒரு கவரை நகர்த்தி, படிங்க சார், படிச்சிட்டு ஒரு கையெழுத்து என்கிறார், படிக்கிறேன், இன்ன பதிவெண் கொண்ட தேர்வர், முதல் பகுதியில் பதிமூன்று, இரண்டாம் பகுதியில் ஒன்பது, மொத்தம் இருபத்திரண்டு என்று இடுவதற்குப் பதிலாகப் பன்னிரண்டு என்று தாங்கள் இட்டதால், பதினைந்து எடுத்தாலே தேர்ச்சி என்ற நிலையில் மேற்படி தேர்வர் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டு, மறுகூட்டலில் பதினேழு நாள் கழித்துத் திருத்தப்பட்டது, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு, இரண்டைப் போட்டு கையில் ஒன்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரலை மடக்கிச் சொல்லும், அந்தக் கையில் ஒன்றை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன், டீ வந்த நேரமா, பக்கத்துப் பெஞ்சுக்காரர் தன் மகள் நிச்சயதார்த்தத்தில் பாயசம் தீய்ந்த கதையைச் சொன்ன நேரமா, நான் சிரித்திருக்கிறேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது, சிரித்துக்கொண்டே பன்னிரண்டு போட்டிருக்கிறேன். கடிதத்தில் பேர் இல்லை, ஊர் இல்லை, பையனா பெண்ணா என்பதுகூட இல்லை, ஒரு எண், பதினேழு என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான். அந்தப் பதினேழு நாளும் அது சாப்பிட்டதா, அப்பன் பெல்ட்டைக் கழற்றினானா, பக்கத்து வீட்டுக்காரி மிட்டாயோடு வந்து எத்தனை மார்க் என்று கேட்டாளா, அது கிணற்றைப் பார்த்ததா, ரயில் பாதைப் பக்கம் நடந்ததா, யாரிடம் கேட்பது, எந்த அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பம் வாங்குவது.

அதற்குப் பிறகுதான் நெஞ்சுக்குள் ஒருவன் குடியேறி விடியுமுன் எழுந்து சம்மட்டி அடிக்கத் தொடங்கினான், பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்க்கிறேன், அணைத்த அடுப்பை மூக்கை வைத்து மோந்து பார்க்கிறேன், வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொரு பிள்ளைகளை எண்ணிவிட்டு மறுபடி எண்ணுகிறேன், முன் பெஞ்சில் ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான், கண்ணை மூடினால் பள்ளிக்கூடப் படிக்கட்டில் முகமில்லாத ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, பையனாக இருந்து பெண்ணாகிறது, பெண்ணாக இருந்து வெறும் பதிவெண்ணாகிறது, சார் எத்தனை சார் என்று கேட்கிறது, நான் விரலை மடக்குகிறேன், விரல் பத்தோடு நிற்காமல் முளைத்துக்கொண்டே போகிறது.

வைத்தியத்துக்கா பஞ்சம், விருதுநகரில் தடுக்கி விழுந்தால் வைத்தியம், இதய டாக்டர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்துவிட்டு, குதிரை மாதிரி இருக்கு சார், எல்லாம் கேஸ் டிரபிள், ராத்திரி பருப்பைக் குறைங்க என்றார், இயற்பியல் வாத்தியார் மிளகு ரசம் என்றார், தமிழய்யா ஒரு வாரம் மௌனம் இருங்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார், என் மனைவி சண்முகக்கனியின் தம்பி ராஜபாண்டி காந்தம் வைத்துத் தைத்த மெத்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அத்தான், உங்க உடம்புல நெகட்டிவ் எனர்ஜி தேங்கிப் போச்சு, இதுல பத்து நாள் படுங்க, அப்புறம் இதை நீங்களே நாலு பேருக்கு வித்துருவீங்க என்றான், படுத்தேன், பயம் போகவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருத்தி மட்டும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டாள், மதுரையில் அந்த மனநல டாக்டர், தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்று உச்சி வெயிலில் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன், சரியா எதை நெனச்சுப் பயப்படுறீங்க, நிதானமாச் சொல்லுங்க என்றாள், சொல்லியிருக்கலாம், அந்தப் பதினேழு நாளைச் சொல்லியிருக்கலாம், பதவி உயர்வு போயிருமோன்னு பயம் மேடம் என்றேன், ஐம்பது வயதில் டாக்டரிடம் பொய் சொல்கிற கோழை, அவள் கொடுத்த மாத்திரை நடுக்கத்தைப் பாதியாக்கியது உண்மை, மறுமுறை போனால் பொய்யைத் தொடர வேண்டுமே என்று போகவில்லை.

அப்புறம் துறையே என் பயத்தைத் தீர்க்கப் புறப்பட்டது, மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி, ஒரு நாள், நாற்பது ஆசிரியர்கள், கோயம்புத்தூரிலிருந்து காதில் மைக் மாட்டிய ஒரு வாலிபன், நாலு எண்ணி மூச்சை இழுங்க, ஏழு எண்ணி நிறுத்துங்க, எட்டு எண்ணி விடுங்க என்கிறான், எண்ணத்தானே தம்பி எனக்குப் பயம் என்று சொல்லவில்லை, இழுத்தேன், நிறுத்தினேன், எத்தனை எண்ணினேன் என்ற சந்தேகத்தில் மூச்சு முட்டியது, பிறகு ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, உங்க பயத்தை எழுதி இந்தப் பெட்டியில போடுங்க, பேர் வேண்டாம், சாயங்காலம் எல்லாத்தையும் கொளுத்திருவோம், பயம் சாம்பலாயிரும் என்றான், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத சாதி நாங்கள், தாளைக் கண்டதும் மேலே பெறுநர், பொருள்: அச்சம் தொடர்பாக, பார்வை: தங்களின் வாய்மொழி அறிவுரை, கீழே இடம், நாள், கையொப்பம், பெயர், பதவி, பள்ளி, நடுவில் ஒரே வரி, மதிப்பெண் கூட்டும்போது எனக்கு அச்சம் ஏற்படுகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன், நான் மட்டுமில்லை, நாற்பதில் முப்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது, ஞானதுரை, எனக்கு இறையச்சம் தவிர வேறு அச்சம் இல்லை என்று எழுதி முத்திரையும் குத்தியிருந்தாராம், முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். சாயங்காலம் கொளுத்தப் போன இடத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர் குறுக்கே வந்து, கையெழுத்துப் போட்ட தாளை உத்தரவு இல்லாமல் எரிக்கக் கூடாது என்று பெட்டியோடு வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டார், இருபது நாளில் எனக்கு ஓலை வந்தது, தாங்கள் கூட்டல் போட அஞ்சுவதாகத் தெரிவித்துள்ளமை குறித்து மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும், என்ன விளக்குவது, அஞ்சினாலும் பணியைச் செவ்வனே செய்வேன் என்று எழுதினேன், அப்படியானால் கண்காணிப்பின் கீழ் செய்யட்டும் என்றார்கள்.

அந்தக் கண்காணிப்புதான் எதிர் பெஞ்சில் முறுக்கு தின்கிறது, பேனா இன்னும் இறங்கவில்லை, மணி பதினொன்றரை, எல்லாரும் ஒன்பதாவது தாளில் இருக்கிறார்கள், நான் நாலாவதில், இதே தாளை மேலிருந்து கீழே கூட்டினேன், கீழிருந்து மேலே கூட்டினேன், பதினான்கு, பதினைந்தாக இன்னும் ஒன்று வேண்டும், ஒற்றை மதிப்பெண், ஞானதுரை எட்டிப் பார்க்கிறார், என்ன சார், முட்டை அடைகாக்குதீகளா, எவ்வளவு, பதினாலா, அட இதுக்கா இவ்வளவு நேரம், எங்கயாச்சும் ஒன்னப் போட்டுப் பதினஞ்சாக்கி விடும்யா, புள்ள பொழச்சுப் போகட்டும், நாங்கள்லாம் போடலையா, நான் கேள்வி கேட்க மாட்டேன். தாளைப் பார்க்காமலே சொல்கிறார், தருமப் பிரபு, பார்க்காமல் போட்ட ஒன்றும் பார்க்காமல் விட்ட பத்தும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது, ஆனாலும் ஆசை வருகிறது, போட்டால் என்ன, போட்டுவிட்டால் இந்தப் பிள்ளைக்குப் பதினேழு நாள் இல்லை, எனக்குச் சம்மட்டி இல்லை, ஞானதுரை தோளைத் தட்டுவார், மதியம் அவரோடு உட்கார்ந்து கொண்டைக்கடலைக் குழம்பு சாப்பிடலாம்.

எட்டாவது முறை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறேன், இந்த முறை எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படிக்கிறேன், கிறுக்கல், அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை, ஒரு சமன்பாட்டில் பாதி சரி, அதற்கு ஒன்று ஏற்கெனவே போட்டிருக்கிறேன், இன்னொரு பக்கத்தில் கேள்வியையே பதிலாக எழுதியிருக்கிறது, அதற்குப் பிறகு கோடு, வெற்றுப் பக்கம், வெற்றுப் பக்கம், வெற்றுப் பக்கம், கடைசி அட்டையின் உட்புறம்வரை தேடினேன், ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை, ஒரு மதிப்பெண்ணுக்காக ஒருவன் இப்படித் தேடினான் என்று இந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. காலையில் கிளம்பும்போது பீரோக் கதவை மூன்றாவது முறை இழுத்துக்கொண்டிருந்தேன், சண்முகக்கனி அடுப்படியிலிருந்து, இந்தா பாருங்க, பயம் போனப்புறம்தான் வேலையப் பாப்பேன்னா நீங்க சுடுகாட்டுலதான் பாக்கணும், பயந்தாப் பயந்துக்கிட்டே செய்ங்க, யாரு வேண்டாம்னா என்றாள், ஆறுதலாக அல்ல, எரிச்சலாக, பால் பொங்கிக்கொண்டிருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, டாக்டரும் பயிற்சியாளனும் காந்த மெத்தையும் சேர்ந்து சொல்லாததை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

முனை இறங்குகிறது, நடுக்கம் போகவில்லை, நடுக்கத்தோடே இறங்குகிறது, ஒன்று கொஞ்சம் சாய்ந்து விழுகிறது, நான்கின் கால் இழுத்துக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போகிறது, ஆனால் யார் பார்த்தாலும் பதினான்கு, பக்கத்தில் என் சுருக்கொப்பம், ஞானதுரை தாளை இழுத்துக் கூட்டுகிறார், சரிதான் என்று முனகுகிறார், மறுபடி கட்டத்தைப் பார்க்கிறார், ஒரே ஒரு மார்க்குய்யா, கல் நெஞ்சுய்யா உமக்கு என்கிறார், மூன்று வருஷமாக என் நெஞ்சைப் படம் பிடித்தவர்கள் யாரும் சொல்லாத நோய், இந்தப் பிள்ளைக்கு முடிவு வெளியாகும் நாளிலிருந்து துணைத்தேர்வுவரை எத்தனை நாள் என்று மனசு அதுபாட்டுக்குக் கூட்டத் தொடங்குகிறது, கூட்டட்டும், அந்த நாட்களை இந்த முறை நான் தெரிந்தே கொடுத்திருக்கிறேன், அடுத்த தாளைப் பிரிக்கிறேன், வலது மேல் மூலையில் கட்டம் வெறுமையாக இருக்கிறது, நடுங்கும் கையை அதன்மேல் கொண்டுபோகாமல் முதல் பக்கத்தைத் திருப்பி முதல் கேள்வியிலிருந்து படிக்கிறேன்.