பின்பக்கத்து மெழுகு

பாரிசவாதம் வந்து போனபிறகு லெஸ்லியின் வாயும் காலும் ஒருவழியாகத் தேறிவிட்டன. வலது கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. துணியில் மெழுகால் சித்திரம் போட்டுச் சாயமேற்றும் பத்திக் பட்டறையில் மெழுகுக் கோடு இழுக்கிற ஆளுக்குக் கை நடுங்கினால் பிழைப்பில் மண்தான். "கை சரியானதும் வாங்க லெஸ்லி" என்று அனுப்பிவிட்டார் ஸஹாப்தீன் முதலாளி. சரியாகாது என்று முதலாளிக்கும் தெரியும், அங்கேயே சாயம் போடும் மனைவி தெரேசாவுக்கும் தெரியும். லெஸ்லி ஒருவருக்குத்தான் தெரியாது.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் ஹோம்கமிங் விருந்துக்கு மகள் ரொஷானி கட்டப்போகும் கைத்தறிச் சேலைக்குத் தானே மெழுகு போடுவதாகப் பிடிவாதம் பிடித்தார் லெஸ்லி. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மல்லிகைக்கொடி இழுத்தார். அவர் கிளினிக் போன நாளில் தெரேசா துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நெளிசலைக் கொடியென்று விட்டுவிடலாம். ஆனால் கொடி அங்கங்கே அறுந்து கிடந்தது. மெழுகில்லாத இடத்தில் சிவப்புச் சாயம் ஏறினால் ஏறியதுதான், எந்தச் சாமி வந்தாலும் இறக்க முடியாது.

சாயம் பின்னாலிருந்து ஊறிவிடாமல் துணியின் பின்பக்கமும் மெழுகு போடுவது பட்டறையில் பெண்கள் வேலை. முன்பக்கத்துக் கோட்டின் மேலேயே போகவேண்டும், இல்லாத கோட்டைப் போடக்கூடாது. தெரேசா அன்றைக்கு இல்லாத கோட்டையெல்லாம் போட்டாள். பாவி மனுஷன், மகள் சேலையிலாவது தோற்காமல் இருக்கட்டும் என்றுதான் போட்டாள்.

சாயம் ஏற்றி, கொதிநீரில் மெழுகை இறக்கியதும் கொடி வெள்ளை வெளேரென்று முழுசாக வந்தது. லெஸ்லி அதைத் தடவித் தடவிப் பார்த்து அழுதார்.

"பாத்தியா தெரேசா, கை வந்திருச்சு!"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்து, "ஆமாங்க" என்றாள்.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது லெஸ்லி வாசலிலேயே நின்றார்.

"சேலையப் போட்டோ எடுத்து மொதலாளிக்கு அனுப்புனேன். அசந்துட்டாரு. சீகிரியா ஹோட்டலுக்குப் பெரிய திரையாம். திங்கக்கிழம எல்லாருக்கும் முன்னால நான்தான் கோடு இழுக்கணும்."

தெரேசா சட்டென்று சொன்னாள்: "பின்பக்கம் நான் போட்டுத் தாரேங்க."

"வேணாம். என் கோடு நல்லாவே உள்ள எறங்குது, பின்பக்கம் யாரும் தொட வேணாம்னு சொல்லிட்டேன்."

அவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை தட்டோடு கடகடவென்று ஆடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வேலைக்குப் போகும் சட்டையைத் தோய்த்துத் தரச் சொன்னார்.

தெரேசா தோய்த்துக் கொடியில் போட்டாள்.