நிரம்பிய ஊசிப் பெட்டி

நோயாளிக்குப் போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாதென்று அந்த நர்சுக்குத் தெரியும். ஆனால் பழைய ஊசிகளைப் போடும் பெட்டி பல நாளாகக் காலி செய்யப்படாமல் நிரம்பி வழிந்தது. ஊசிக்கு மூடி போடப்போனவளின் கட்டைவிரலில் ஊசி ஏறிவிட்டது.

“வாயைத் திறக்காதடி. தப்பு உன் மேலதான்னு வேலையை விட்டே தூக்கிருவாங்க,” என்றாள் தலைமை நர்ஸ்.

“அந்த ஆளு ரத்தத்துல என்ன இருக்கோ அக்கா! உடனே மருந்து ஆரம்பிக்கணும். வீட்ல பால் குடிக்கிற புள்ள இருக்கு.”

“சரி, பெட்டி கதையை மட்டும் விட்டுரு.”

“அதைத்தான் முதல்ல சொல்லப்போறேன். நாளைக்கு உங்க விரலாவும் இருக்கலாம்.”

குழாய்த் தண்ணீரில் பிடித்திருந்த கையை எடுத்துத் துடைத்தாள். கண்காணிப்பாளர் அறையை நோக்கி நடந்தாள். அக்கா வழிமறிக்கவில்லை, கூட வரவும் இல்லை.